இடது பக்கம் மந்தம்

அந்தப் பழைய கணினித் திரையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இத எங்க வைக்கப் போறீங்க?" எதற்கு என்று கேட்கவில்லை. என்னிடம் எதற்கு என்று கேட்டுப் பயனில்லை என்பதைக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டவள் அவள். கை சும்மா இருக்காத ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் ஊரே வாழையிலைச் சாப்பாடு முடித்துத் தூங்கும். நான் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியை நிறுத்திக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பந்திங்கில் சாலையோரச் சாப்பாட்டு ஒட்டுக்கடை ஒன்றில் அந்தத் திரை கண்காணிப்புக் கேமராவின் படத்தைக் காட்டும் வேலையில் இருந்தது. பின்பக்கம் பானை வயிறு போலப் பிதுங்கிய, கனத்த கண்ணாடிக் குழாய் வைத்த பெட்டி. ரொட்டி சானாய் எண்ணெய்ப் புகை படிந்து மஞ்சளாகியிருந்தது. கடைக்காரருக்குப் புதிய தட்டைத் திரை ஒன்றை மாட்டிக் கொடுத்துவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எண்பதுகளில் வந்த கணினி ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு இந்தத் திரைதான் பொருத்தம். ஆனால் ஒரு குறை. அந்தக் கணினி இடது, வலது என்று இரண்டு ஒலியைத் தனித்தனியாக வெளியே அனுப்பும். திரைக்குள் இருந்ததோ ஒற்றை ஸ்பீக்கர். இரண்டு ஒலியும் ஒன்றாகக் கலந்து ஒரு பக்கத்து ஓட்டை வழியாக வரும். உள்ளே இன்னொரு ஸ்பீக்கர் வைத்து, இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்கும்படி ஸ்டீரியோவாக மாற்றிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

அந்த அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

ரவாங்கில் தகர டின் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடத்துக்கும் மேலாக நான் இயந்திரப் பராமரிப்பு பார்க்கிறேன். தகரத்தை அடித்து வெட்டும் பிரஸ் இயந்திரங்கள் நாள் முழுக்க இடிக்கும் இடம் அது. வருடத்துக்கு ஒரு தடவை ஒரு வேன் வரும். அதற்குள் சத்தம் புகாத சிறிய அறை இருக்கும். ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். போன தடவை சோதனை முடிந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இடது காதில் குறை தெரிகிறது, மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. மறுபரிசோதனையிலும் அப்படியே வந்தால் இயந்திரப் பக்கம் விடமாட்டார்கள், ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஸ்டோரில் ஏர்கோன் உண்டு, நல்ல நாற்காலி உண்டு. எனக்கோ அந்த நாற்காலியே வேண்டாம். பேரிங் தேய ஆரம்பிப்பதை எல்லாருக்கும் முன்னால் காதால் கண்டுபிடிக்கிற ஆள் என்றுதான் அங்கே எனக்குப் பெயர். அந்தப் பெயரும் போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

கடிதத்தை மடித்து ஸ்க்ரூ டப்பாவுக்குள் போட்டேன். மறுபரிசோதனைக்கு ஒரு மாதம் இருந்தது. இரண்டு பக்கமும் சமமாகப் பாடும் ஒரு பெட்டியை நானே செய்து, அதன் எதிரில் உட்கார்ந்து, இரண்டு காதிலும் சமமாகக் கேட்டுவிட்டால் போதும். கோளாறு அந்த வேனில்தான் என்று ஆகிவிடும். இப்படித்தான் என் புத்தி போயிற்று.

வேலை சுலபமாக இல்லை. இந்த மாதிரித் திரையில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கி நிற்கும். அதை முறையாக இறக்கிவிட்டு, அப்புறமும் ஒரு நாள் தொடாமல் விடுவது என் வழக்கம். அந்த ஒரு நாளும் நான் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தாதீங்க, எனக்குத் தல சுத்துது" என்றாள் மனைவி.

கையில் கிடைத்த சாதாரண ஸ்பீக்கர் ஒன்றை முதலில் உள்ளே பொருத்தினேன். திரையின் மூலையில் ஊதாக் கறை படர்ந்தது. ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் படத்தின் நிறத்தைக் கெடுத்துவிடும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். பொறுமை இல்லை, அவ்வளவுதான். பிறகு புடு பக்கம் ஒரு பழைய மின்சாமான் கடைக்குப் போய், பழைய தொலைக்காட்சியில் இருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றும் சின்ன ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் பலகை ஒன்றும் வாங்கி வந்தேன். அந்த ஸ்பீக்கரின் காந்தத்துக்குக் கவசம் உண்டு, படத்தைத் தொந்தரவு செய்யாது. வயர்களை இழுத்துப் பற்றவைத்து, கூடவே வந்த இரைச்சலை இரண்டு நாள் போராடி அடக்கி, இடது பக்கம், வலது பக்கம் என்று பெட்டியின் மேல் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினேன்.

சோதித்துப் பார்க்கக் கணினியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். மணிச் சத்தம் ஒரு தடவை இடதில், ஒரு தடவை வலதில், மாறி மாறி வரும். நாற்காலியை நேர் எதிரில் போட்டு உட்கார்ந்து ஓட விட்டேன்.

வலதில் 'டிங்' என்றது. இடதில் 'டொங்' என்றது.

மறுபடி ஓட விட்டேன். டொங், டிங், டொங், டிங். ஒரே மணி, ஒரே அளவு. ஆனால் இடது பக்கம் தலையணைக்கு அடியில் வைத்து அடித்ததுபோல் வந்தது. மணியின் கூர்மை அந்தப் பக்கம் இல்லவே இல்லை. தொழிற்சாலையில் பழுதுப் புத்தகத்தில் எழுதும் பழக்கத்தில் ஒரு தாளில் எழுதினேன்: இடது பக்கம் மந்தம்.

எங்கள் தொழிலில் பழுது தேட ஒரு வழி உண்டு. மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இந்தப் பக்கத்துச் சாமானை அந்தப் பக்கம் போட வேண்டும். பழுதும் கூடவே போனால் அந்தச் சாமான் கெட்டது. பழுது இருந்த இடத்திலேயே இருந்தால் வேறு எங்கோ குறை. முதலில் கணினியில் இருந்து வரும் வயர்களை மாற்றினேன். மந்தம் இடதிலேயே இருந்தது. ஸ்பீக்கர்களைக் கழற்றி இடம் மாற்றினேன். இடதிலேயே இருந்தது. அதற்குள் நான்கு மாலைகள் போயிருந்தன. ரயிலில் நின்றுகொண்டு வரும்போதும் அடுத்து எதை மாற்றலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

ஸ்பீக்கர்களை இடம் மாற்றியும் பழுது நகரவில்லை என்றால் ஸ்பீக்கரில் குற்றமில்லை. இதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். ஆனாலும் இரண்டு ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு புடுவுக்குப் போய்க் கடைக்காரச் சீனத் தவுக்கேயிடம் சண்டை பிடித்தேன். நம் ஆட்கள் அதிகம் வந்து போகும் கடை. தமிழும் மலாயும் கலந்து பேசுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டையும் ஒரே வானொலியில் மாட்டி, மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் சாமா லா, பாஸ். ஒரே சத்தம்" என்றார்.

"ஒரே சத்தமா? உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா தவுக்கே?" என்றேன்.

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வேறொரு ஜோடியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

புது ஜோடியும் அதே கதைதான். ஆம்ப்ளிஃபையர் பலகையையும் மாற்றினேன். இடது பக்கம் மந்தம். என் மனைவியைக் கூப்பிட்டு, ஒரு நிமிடம் உட்கார்ந்து கேள் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். பயம்தான். அவள் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது என்று சொல்லிவிட்டால் அப்புறம் மாற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?

மறுபரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, ஸ்பீக்கர்களை ஐந்தாவது தடவையாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். மனைவி காய்ந்த துணிகளை மடித்தபடி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலை போர்ட் கிள்ளானில், ஒரு லோரி கம்பெனியின் யார்டில். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று நாள் முழுக்க டிரைவர்களை விரட்டுகிற வேலை. வீட்டிலும் வார்த்தைகளை வீணாக்க மாட்டாள்.

"வயர மாத்துனீங்க, ஸ்பீக்கர மாத்துனீங்க, அந்தப் பலகையையும் மாத்தியாச்சு" என்றாள். "மாத்தாதது ஒண்ணுதான் இருக்கு."

"என்னது?"

"கோஸ்தான் பண்ணி உக்காருங்க."

வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு எங்கள் நாட்டில் மலாய்க்காரர், சீனர், நாம் என்று எல்லாரும் சொல்லும் சொல் அது. யார்டில் ஒரு நாளைக்கு அதை எத்தனை தடவை சொல்வாளோ, என்னைப் பார்த்து அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நான் என்ன லோரியா?" என்றேன். அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

ஸ்பீக்கர்களை மறுபடி மாட்டினேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நிரலை அவளே ஓட விட்டாள்.

'டிங்' என்று என் வலது காதில் கேட்டது. அது இத்தனை நாள் மந்தம் என்று நான் எழுதி வைத்த ஸ்பீக்கர். 'டொங்' என்று இடது காதில் கேட்டது. அது நல்ல ஸ்பீக்கர். பெட்டியில் பழுது இடம் மாறியிருந்தது. என்னிடம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

நாற்காலி கோணலாக இருக்கிறது என்றேன். சுவரில் எதிரொலி என்றேன். மறுபடி ஓட விடச் சொன்னேன். அவள் முகம் சுளிக்காமல் ஓட விட்டாள். நான்காவது தடவைக்குப் பிறகு போதும் என்றேன். அழுகை வரவில்லை. யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்டுவதற்கு அந்த அறையில் தப்புச் செய்த ஆள் இல்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருஷம் இருக்கும். ரோட்டுல நான் உங்களுக்கு வலது பக்கம்தான் நடந்து வரேன். எடது பக்கம் வந்தா நான் பேசறதுக்கு எல்லாம் ம் ம்னு தலைய ஆட்டறீங்க, ஒண்ணும் காதுல ஏறல. கட்டில்லயும் எடம் மாறிக்கிட்டேன்."

"ஃபேன் காத்து வேணும்னு சொன்ன?"

"வேற என்ன சொல்றது? லெட்டரையும் பாத்துட்டேன். பட்டன் தைக்க ஊசி தேடறப்ப ஸ்க்ரூ டப்பாவுலயும் தேடுவேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

இரண்டு வருடம். இயந்திரத்துக்குள் சுற்றும் பேரிங்கின் தேய்மானத்தைக் கேட்கிற ஆள், பக்கத்தில் நடந்தவள் பக்கம் மாறியதைக் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் இதை வைத்து என்னை ஒரு நாளும் கேலி செய்யவில்லை என்பது இன்னும் வெட்கமாக இருந்தது. மற்றதுக்கெல்லாம் கேலி செய்கிறவள்தானே.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க என் வாயக் கழட்டிப் பாப்பீங்க."

மறுநாள் வேலை முடிந்து புடுவில் இறங்கினேன். தவுக்கேயிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாய் வரவில்லை. தேவையே இல்லாத ஒரு ஃபியூஸ் வாங்கினேன். அவர் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, "இப்போ சவுண்டு ஓகேயா, பாஸ்?" என்று கேட்டார். ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர், தப்பு என் பக்கம் என்றேன். அவர் எதையோ புரிந்துகொண்டவர்போலத் தலையை ஆட்டினார்.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலை வாசலில் வேன் வந்து நின்றது. பொத்தானை ஊகித்து அழுத்துகிறவர்கள் உண்டு. இத்தனை நொடிக்கு ஒரு தடவை என்று கணக்கு வைத்து அழுத்தித் தப்பித்தவர்களை எனக்கே தெரியும். கேட்டால் மட்டும் அழுத்துவது என்று நான் முடிவு செய்திருந்தேன். தாதி ஒரு தமிழ்ப் பெண். ஹெட்போனை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வலது காதுக்கு முதலில். மெல்லிய கீச்சுகூட விடாமல் வந்தது. கட்டைவிரல் தானாக அழுத்தியது. பிறகு இடது. அடித்தொண்டையில் யாரோ முனகுவதுபோல் சில சத்தங்கள் வந்தன. அழுத்தினேன். அதற்குப் பிறகு அமைதி. அடுத்தது கீச்சு வரிசை என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்து, பொத்தானில் விரலை வைத்து, அது ஆரம்பிக்கக் காத்திருந்தேன். என் மூச்சு எனக்குக் கேட்டது. வெளியே பிரஸ் இடிப்பது கால் வழியாக லேசாகத் தெரிந்தது. இந்தப் பெண் என்ன இவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்று எரிச்சல்கூட வந்தது.

கதவு திறந்தது.

"முடிஞ்சிருச்சு அங்கிள். வெளிய வாங்க."

"கீச்சுச் சத்தம் இன்னும் ஆரம்பிக்கலையேம்மா" என்றேன்.

அவள் சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்து, ஹெட்போனைக் கழற்றினாள்.

"எல்லாம் குடுத்துட்டேன் அங்கிள்" என்றாள். "ரெண்டு தடவ குடுத்தேன்."