சத்தமில்லாமல் விழுந்த எழுத்து

முல்லைத்தீவுப் பக்கம், சிறுநீரக நோயாளர் வரும் ஒரு மருத்துவ நிலையத்தில் கணினிப் பதிவுகளைப் பார்க்கும் வேலை எனக்கு. இரத்தப் பரிசோதனை முடிவுகளை நோயாளர் பட்டியலோடு பெயர் பெயராக ஒப்பிட்டு, யாரை உடனே அழைக்க வேண்டும் என்று காட்டும் நிரல் ஒன்றைப் பைதன் என்ற கணினி மொழியில் எழுதியிருந்தேன்.

தமிழ்ப் பெயர்களில் அது அடிக்கடி பிழை காட்டி நின்றது. எரிச்சலில், வாசிக்க முடியாததை விட்டுவிடு என்று பொருள்படும் 'இக்னோர்' என்ற சொல்லைச் சேர்த்தேன். அதன்பிறகு பிழை வரவில்லை. சரியாகிவிட்டது என்றே நம்பினேன்.

ஒரு காலை ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் அம்மா வந்தார். கால்கள் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது.

"பிள்ளை, என்னோடை இரத்தம் குடுத்த சில ஆக்களுக்கு உடனை வரச்சொல்லிப் போன் வந்திட்டுது. எனக்கு வரேல்லை. அப்ப எனக்கு ஒண்டுமில்லைத்தானே?"

தேடினேன். முடிவு வந்து ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல். மோசமான முடிவு. நிரல் வாசித்த பட்டியலில் அவர் பெயரின் நடுவே ஓர் எழுத்து இல்லை. பெயர் பொருந்தாததால் அழைப்பும் போகவில்லை.

கோப்பைக் குறிப்பிட்ட அளவுத் துண்டுகளாக வெட்டி வாசிக்க வைத்திருந்தேன். யூனிகோடின் யூடிஎஃப்-8 வகைக் கோப்பில் ஒரு தமிழ் எழுத்துக்குப் பைட் எனும் சேமிப்பு அலகு மூன்றாவது வேண்டும். வெட்டு அதன் நடுவே விழுந்தால் இரண்டு பாதியும் வாசிக்க முடியாதவை. நான் சேர்த்த சொல் இரண்டையும் எறிந்திருக்கிறது.

"என்ன பிள்ளை, என்ரை பேர் அதிலை இல்லையோ?" என்றார் அம்மா.

"அம்மா, பிழை என்ரை. உங்களை அப்பவே கூப்பிட்டிருக்க வேணும்."

அவர் ஏசவில்லை. "இரவிரவா வயலிலை யானைக்குக் காவல் நிண்டு கால் வீங்கினதெண்டெல்லோ நினைச்சனான்" என்றார்.

அன்றே அவரை வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் துண்டு போடுவதை நிறுத்தி, முழுக் கோப்பையும் யூனிகோடு எழுத்தாகவே திறந்தேன். அந்தச் சொல்லையும் அழித்தேன். ஓர் எழுத்து பிழையானாலும் நிரல் நிற்கட்டும். இப்படி எழுத்து விழுந்த இன்னும் மூன்று பெயர்கள் அகப்பட்டன; மூவரையும் அழைத்தேன்.

"அறிக்கையிலை கொம்பியூட்டர் பிழை எண்டு எழுதுங்கோ, அது காணும்" என்றார் நிலையப் பொறுப்பாளர். நான் என் பிழை என்றே எழுதிக் கொடுத்தேன்.

அந்த அம்மாவுக்கு இப்போது கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். அவர் ஏழு கிழமை முந்தி வந்திருந்தால் இந்த நிலை ஏற்பட்டிருக்காதா என்று டொக்டரிடம் கேட்டேன்.

"சொல்லேலாது, பிள்ளை" என்றார்.