துரை வீட்டு ஆடுகுதிரை

ஸ்கொட்லாந்துக்காரர்கள் செத்த வீட்டில்கூட அழமாட்டார்கள். பொம்மைப் படத்துக்கு மட்டும் கைக்குட்டையோடு வருகிறார்கள். போன குளிர்காலத்தில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு கார்ட்டூன் படத்துக்குப் போனேன். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஏறி முன்னும் பின்னும் ஆடுகிற மரக்குதிரைதான் அதில் கதாநாயகன். வீட்டார் பரணில் எறிந்துவிட, அது தன் பிள்ளையைத் தேடிப் பாட்டுப் பாடிக்கொண்டே புறப்படுகிறது. திரை நிறையக் குதிரை முகம் வந்ததும் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எழுந்து கும்பிட்டேன். டோர்ச்சோடு வந்த கொட்டகை ஆள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, கழிவறைக்கு வழி காட்டினான்.

ஏன் கும்பிட்டேன் என்று இலங்கையில் எங்கள் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது எங்கள் வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டினார். பியானோவுக்குப் பெட்டி செய்தார்கள். நாயும் கப்பலேறியது. துரையின் சின்ன மகள் ஆடிய மரக்குதிரைக்குத்தான் இடமில்லாமல் போய்விட்டது. மழையில் கிடந்த அதை என் தங்கை பாக்கியம் தலையில் சுமந்துவந்து மதுரைவீரன் கோயிலில் நிறுத்தினாள். அதுவரை சாமி நடந்துதான் தோட்டத்தைக் காவல் காத்தார். அன்றிலிருந்து சுருட்டும் சாராயமும் சாமிக்கு, கொள்ளு குதிரைக்கு.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கப்பல் குசினியில் வெங்காயம் உரித்தே கரை சேர்ந்தவன். இன்றைக்குத் துரைமார் பிறந்த ஊரிலேயே கடை போட்டு, அவர்களை வரிசையில் நிற்கவைத்துத் தேத்தண்ணி ஊற்றுகிறேன். படித்தவன் எவனாவது இதைச் செய்திருக்கிறானா? அந்த வரிசையில் எங்கள் துரையின் மகளும் ஒருத்தி. நான் கொட்டகையில் கும்பிட்ட கதையைக் கேட்டுக் கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அது தன் குதிரை, தனக்கு வேண்டும் என்றாள். அது இப்போது சாமியின் வாகனம் என்றேன். அந்தச் சாமி என்கிற ஆளோடு பேசமுடியுமா என்று கேட்டாள். இல்லாவிட்டால் தோட்ட மனேஜருக்கு எழுதுவாளாம். வெள்ளைக்காரி எழுதினால் எங்கள் மனேஜர் குதிரையோடு சாமியையும் பெட்டியில் அடைத்து அனுப்பிவிடுவார். எழுத வேண்டாம், நேரே வந்து கேள் என்று, என் சொந்தச் சம்பாத்தியத்தில் நானும் டிக்கெட் எடுத்து, தோட்டத் திருவிழாவுக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

மஞ்சள் பூசி, எலுமிச்சை மாலையோடு நின்றது குதிரை. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள். அருள் வந்துவிட்டது என்று பெண்கள் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து தலையில் ஊற்றினார்கள். ஒரு பெரியவர் முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

"தாயி, எங்களுக்குப் பிரஜாவுரிமை எப்ப தாயி கெடைக்கும்?"

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவளுக்குத் தெரியாதாம் என்று சொன்னேன்.

"கவருமெண்டு கச்சேரியிலயும் இதத்தாங்க சொல்றாங்க" என்று பெரியவர் திருநீறு பூசிக்கொண்டு போனார்.

அவள் வந்த காரியத்தை மெல்லப் பாக்கியத்திடம் சொன்னேன். பாக்கியம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வுட்டுட்டுப் போனப்ப அழுதாங்களாண்ணே?"

அவளைக் கேட்டேன். துறைமுகம் வரைக்கும் அழுதாளாம்.

"அப்ப சரி. ஆனா குதுரயக் குடுக்க முடியாதுண்ணே. சாமி மறுபடி நடக்கணுமா?"

சொல்லிவிட்டு லயத்து வீட்டுக்குள் போனவள், வளைந்த மரக்கட்டைகள் இரண்டைத் தூக்கிவந்தாள். குதிரையின் காலுக்கடியில் இருந்தவை. சாமி ஆடாமல் உட்காரவேண்டுமென்று அறுத்து எடுத்திருக்கிறார்கள்.

"அடுப்புல வைக்க மனசு வரல. புள்ள ஆடுனது இதுலதான? கொண்டு போகச் சொல்லுங்க."

துரை மகள் அவற்றை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மனேஜர் பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது அவள் வீட்டுக் கணப்படுப்புப் பக்கத்தில், குறுக்கே ஒரு பலகை அடித்து, அந்தக் கட்டைகளை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுவாள். துரை மகள் ஊற்றித்தர நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கிற ஒரே தோட்டத்தான் நான்தான். குடித்துக்கொண்டே கால் பெருவிரலால் லேசாகத் தள்ளிவிடுவேன். மேலே யாரும் இல்லாமல் அது முன்னும் பின்னும் ஆடும். பொகவந்தலாவையில் குதிரை ஆடாமல் நிற்கும்.