டிரம்மில் நின்ற செந்தூரா

மொட்டைமாடித் தொட்டி மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டினேன். டேப்புக்குள் செடியோடு என் விரலும் சிக்கிக்கொண்டது. வெட்டிய கொம்பின் பால் வாசனை, சிறுவயதில் நாங்கள் இருந்த மத்திகிரி வாடகை வீட்டுக்கு இழுத்துப்போனது.

அங்கே அம்மா கொட்டை போட்டு வளர்த்த மாங்கன்று ஒரு நீல டிரம்மில் நின்றது. வீட்டுக்காரம்மா தன் செந்தூரா மாமரத்திலிருந்து கொம்பு தந்தார். அம்மா அதை ஒட்டினாள். அப்பாவுக்குக் கம்பெனி மாறி நாங்கள் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பியபோது, முதன்முதலாக ஒரு காய் பிடித்திருந்தது.

டிரம்மை டெம்போவில் ஏற்றப்போனால் வீட்டுக்காரம்மா மறித்தார். "கொம்பு எங்க மரத்துது. வெச்சிட்டுப் போம்மா."

"வேரு என்னுதுக்கா. தண்ணி ஊத்துனதும் நானு."

"தண்ணி எங்க போர்ல வந்ததுதானே!"

அப்பா சமாதானத்துக்கு வந்தார். "ஒட்டுக்கு மேல அறுத்து அவங்களுக்கே குடுத்துடு."

இருவரும் அவர் பக்கம் திரும்பினார்கள். "காய் புடிச்ச செடிய அறுக்கறதா? மனுசனாப்பா நீ?" என்ற வீட்டுக்காரம்மா, தானே ஒரு பக்கம் பிடித்து டிரம்மை ஏற்றிவிட்டார். டிரைவரிடம், "மெதுவா ஓட்டு, காய் உதுந்துரும்" என்றார்.

காய் பழுத்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மத்திகிரிக்குப் பஸ் ஏறினாள். அங்கே போய்த்தான் பழத்தை வெட்டினாள். எனக்குக் கொட்டை கிடைத்தது. அப்பாவுக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

"ஏங்க, அந்தக் கொம்ப கீழ்வீட்டு அக்காகிட்ட கேட்டுத்தானே வெட்டுனீங்க?" என்று மொட்டைமாடிப் படிக்கட்டிலிருந்து என் மனைவி கேட்டாள்.

நான் டேப்பை இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன்.