படத்தில் பின்னால் நின்ற இரண்டு சிறுமிகள்

அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டருக்குக் குடிவந்த இரண்டாவது வருஷம், மகளின் வகுப்பை மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். பிள்ளைகளோடு துணைக்கு வர அம்மாக்கள் வேண்டும் என்றார்கள். கணவரின் விசாவில் வந்த எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. பகலெல்லாம் அபார்ட்மென்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தவள், கேட்டவுடன் சரி என்றேன்.

அங்கே ஓர் அறை முழுக்க நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் கிராமத்துப் பிள்ளைகளின் ஓவியங்கள். வைக்கோல் மேல் புரளுகிறார்கள், ஓடையில் தூண்டில் போடுகிறார்கள், வேலி ஏறிக் குதிக்கிறார்கள். பெரிய படம் ஒன்றில் பையன்கள் கைகோத்துச் சங்கிலியாக வெறுங்காலோடு ஓடுகிறார்கள். முன்னால் ஓடியவர்கள் சட்டென்று நின்று சுழற்ற, கடைசிப் பையன் பிடி நழுவிப் புல்லில் விழுகிறான்.

படங்களை விளக்கிய பெண்மணி, உங்கள் கண் முதலில் யாரிடம் போகிறது என்று கேட்டார். எல்லாரும் விழுந்தவனைக் காட்டினார்கள். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள் என்று டீச்சர் குறைப்பட்டிருந்த என் மகள், வெகு பின்னால், நகத்தளவே தெரிந்த இரண்டு சிறுமிகளைக் காட்டினாள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை, அதனால் சும்மா நிற்கிறார்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

பெண்மணி அவளைப் பாராட்டிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார். என்னால் நகர முடியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பள்ளி இடைவேளையைப் பற்றிக் கேட்டேன். "ரீசெஸ்ல நீ யார்கூடடா விளையாடுவ?"

தோளைக் குலுக்கினாள். சுவரோரம் நின்று மற்றவர்களைப் பார்ப்பாளாம். அதுவும் நன்றாகத்தான் இருக்குமாம்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். போகப் போக அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வாள் என்றார். என்னால் உட்காரவே முடியவில்லை. மடித்த துணியைக் கலைத்து மறுபடி மடித்தேன். இங்கே பிள்ளைகள் சேர்ந்து விளையாட அம்மாக்கள் போன் பண்ணி நாள் குறிக்க வேண்டும். எனக்கோ ஒருத்தரையும் தெரியாது.

சனிக்கிழமை காலை, மேல்மாடி குஜராத்திக் குடும்பம், எதிர் பிளாக்கில் ஒரு சீனக் குடும்பம், பக்கத்தில் பெயர் கூடத் தெரியாத இன்னொரு வீடு என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். சொல்ல நினைத்த இங்கிலீஷ் பாதி தொண்டையிலேயே நின்றது. பிள்ளைகளுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். கட்டிடத்துக்குப் பின்னாலிருந்த புல்தரையில், படத்தில் பார்த்ததுபோல எப்படிக் கைகோக்க வேண்டும் என்று என் மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். கடைசி இடத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள். முதல் ஓட்டத்திலேயே தூக்கியெறியப்பட்டு முழங்கை சிராய்த்துக்கொண்டாள். பதறி ஓடினேன்.

"அம்மா, ப்ளீஸ், நீ உள்ள போயேன்" என்றாள், மண்ணைத் தட்டிவிட்டபடி.

போனேன். கொஞ்ச நேரத்தில் எதிர் பிளாக் சீனக் குடும்பத்து அம்மா வந்து கதவைத் தட்டினாள். அவளுக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம். டீ போட்டேன். புல்தரை தெரியும் ஜன்னலருகே நின்றபடியே குடித்தோம். பிள்ளைகள் யாராவது விழும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் கோப்பை தளும்பியது.

பள்ளியில் என் மகள் அதற்குப் பிறகும் பல மாதம் சுவரோரம்தான் நின்றாள். சனிக்கிழமைகளில் மட்டும் நான் கூப்பிடக் கூப்பிட வீட்டுக்குள் வரவே மாட்டாள்.