வலி வந்தா சொல்லுவாங்க

எங்க ஊட்டுல யாரும் 'போறேன்'னு சொல்லக் கூடாது. கடைக்குக் கெளம்பினாலும் 'வாரேன்', காலேஜுக்குக் கெளம்பினாலும் 'வாரேன்'. வெளக்கை அணைன்னு சொல்ல மாட்டாங்க, 'குளிர வை'ம்பாங்க. அரிசி தீந்து போனா 'நெறஞ்சிருச்சு'ம்பாங்க. உடம்பு எப்படிம்மா இருக்குதுன்னு கேட்டா எங்கம்மாகிட்ட ஒரே பதில்தான்: "நல்லா இருக்கேன் சாமி." காய்ச்சல்ல அனத்திக்கிட்டே அதைச் சொல்லும். இப்படி ஒரு ஊட்டுல பொறந்துட்டு, எதெல்லாம் கெட்டுப் போகும்னு கணக்குப் போடற படிப்பைப் போய்ப் படிச்சேன் பாருங்க, எனக்கு நல்லா வேணும்.

எம்.பி.ஏ.வுல நான் எடுத்தது ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட். ஒரு வேலை எந்த வரிசையில நடக்குது, எங்க தேங்குது, எங்க அறுந்து போகும்னு பாக்கற படிப்பு. இதை அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கே! 'ஆபரேஷன்'ங்கற ஒரு வார்த்தையை மட்டும் புடிச்சுக்கிட்டு, "எம்புள்ள ஆபரேஷனுக்குப் படிக்குது"ன்னு ஊரு பூராச் சொல்லி வச்சிருச்சு. லீவுல நான் கொல்லிமலை ஏறி வந்தா, எங்க வளப்பூர் நாட்டுல பஸ்ஸை விட்டு எறங்கற எடத்துலயே ஒருத்தரு வீங்கின காலைத் தூக்கிக் காட்டிக்கிட்டு நிப்பாரு. "ஏனுங்க டாக்டரம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க." நான் தலையில அடிச்சுக்குவேன். ஊரே வந்து காட்டுச்சு. எங்கம்மா மட்டும் ஒரு நாளும் எங்கிட்ட எதையும் காட்டுனதில்லை.

அப்பா தவறிப் போய் வருஷம் பலது ஆச்சு. ஊட்டுல அம்மா, அண்ணன், அண்ணி. அண்ணன் பிக்கப் வண்டி வச்சு மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஏத்திக்கிட்டுக் கீழ போயி வர்றவன். நான் மலையடிவாரத்துல காளப்பநாயக்கன்பட்டியில ஒரு ரூம் எடுத்துத் தங்கி, அங்கிருந்து காலேஜுக்குப் போயிக்கிட்டிருந்தேன். அண்ணிக்கு அப்ப நெறமாசம். மொதல் பிரசவத்துல குழந்தை தங்கல. வலி எடுத்து, வண்டியில ஏத்தி, மலையெறங்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அதைப் பத்தி எங்க ஊட்டுல ஒரு பேச்சுக் கெடையாது. தொட்டிலுக்குன்னு எடுத்து வச்ச பழைய சேலையை யாரோ எங்கயோ கொண்டு போய் வச்சுட்டாங்க, அவ்வளவுதான். இந்தத் தடவையாவது தாயும் புள்ளையும் உசுரோட ஆஸ்பத்திரி போய்ச் சேரோணும். அந்த செமஸ்டர் பூரா எனக்கு வேற கவலையே இல்லை.

எங்களுக்கு அந்தப் பாடம் எடுத்த மேடம் ஏதோ கம்பெனியில ரொம்ப நாள் குப்பை கொட்டிட்டு வந்தவங்க. சிரிக்கவே மாட்டாங்க. "எல்லாம் நல்லபடியா நடக்கும்னு நெனைக்கறவங்க இந்த வேலைக்கு வரவேண்டாம்"னு மொதல் நாளே சொல்லிட்டாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. கெட்டதை வாய் விட்டுச் சொன்னா திட்டாம மார்க் குடுக்கற ஒரே எடம் அதுதான்.

ஒரு நாள் போர்டுல ஒரு அட்டவணை போட்டாங்க. ஏதாவது ஒரு வேலையை எடுத்துப் படிப்படியாப் பிரிக்கணும். ஒவ்வொரு படியிலயும் என்ன கெடும்னு எழுதணும். பக்கத்துல மூணு கட்டம். கெட்டா எவ்வளவு சேதம்? எத்தனை தடவை கெடும்? கெட்டது நமக்கு எவ்வளவு சீக்கிரம் தெரியவரும்? ஒவ்வொண்ணுக்கும் பத்துக்குள்ள ஒரு நம்பர். ஒடனே தெரிஞ்சுரும்னா ஒண்ணு, கடைசி வரைக்கும் தெரியாதுன்னா பத்து. மூணையும் பெருக்கி எது பெருசா வருதோ அதை மொதல்ல சரி பண்ணணும். மத்தவங்கெல்லாம் கேண்டீனை எடுத்தாங்க, டீக்கடையை எடுத்தாங்க. நான் அண்ணிக்கு வலி கண்டதுல இருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எழுதினேன்.

கொல்லிமலைன்னா எல்லாருக்கும் அந்தக் கொண்டை ஊசி வளைவுங்கதான் பயம். என் கணக்குல அது பெருசா வரல. வளைவுல வண்டி மெதுவாப் போகும், ஆனா போயிரும். எங்க ஊருக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவுல ஒரு தரைப்பாலம் இருக்குது. பெருமழை புடிச்சா அதுக்கு மேல தண்ணி போகும். அப்ப ஒண்ணும் போகாது. பெருக்கிப் பாத்தா பாலந்தான் தலையெடுத்து நின்னுச்சு.

மேடம் என் தாளை வாங்கிப் பாத்தாங்க. பாலத்துக்குத் தலையாட்டினாங்க. அப்புறம் வெரலை மொத வரிசைக்குக் கொண்டு போனாங்க. "வலி வந்தது தெரியறதுக்கு மூணாவது கட்டத்துல ஒண்ணு போட்டிருக்கியே, எப்படி?"

"வலி வந்தா சொல்லுவாங்க மேடம்."

கிளாஸே கொல்லுன்னு சிரிச்சுது. மேடம் சிரிக்கல. "எல்லாரும் சொல்லுவாங்களா?"ன்னு கேட்டுட்டுத் தாளைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. இதென்னடா வம்பாப் போச்சு, வலிச்சா சொல்லாம என்ன பண்ணுவாங்கன்னு எனக்குச் சுள்ளுன்னு கோவம் வந்துச்சு.

அந்த வாரமே மலைக்குப் போனேன். மேகம் வந்து மலை மேல உக்காந்துக்கிட்டு நகர மாட்டேங்குது. பகல்லயே ஊட்டுக்குள்ள லைட்டுப் போட வேண்டியிருந்துச்சு. சோறு திங்கறப்ப அண்ணனைப் புடிச்சுக்கிட்டேன். "பாலத்துல தண்ணி ஏறிருச்சுன்னா என்ன பண்ணுவ?"

"அதெல்லாம் ஏறாது."

"ஏறுச்சுன்னா?"

அவ்வளவுதான், அம்மா சாமி வந்த மாதிரி ஆடிருச்சு. "வாயில வசம்பை வெச்சுத் தேய்க்கோணும் உனக்கு! நெறமாசக்காரிய எதுக்க உக்கார வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சாடி இது? கரிநாக்கு! நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?"

சொல்லச் சொல்ல, அம்மாவோட இடது கையில இருந்த சொம்பு நழுவிக் கீழ உருண்டுச்சு. அம்மா அந்தக் கையை யாரோ வேத்தாளைப் பாக்கற மாதிரிப் பாத்துச்சு. அப்புறம், "கை வழுக்கிருச்சு"ன்னு முந்தானையில தொடைச்சுக்கிச்சு. காலையில இருந்தே தலையில ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்துச்சு.

"தலை வலிக்குதாம்மா?"

"நல்லா இருக்கேன் சாமி. ஈரக்காத்துக்குக் கட்டியிருக்கேன்."

பிரஷர் மாத்திரை டப்பா சாமி படத்துக்குப் பின்னால தூசி புடிச்சுக் கெடந்துச்சு. அதுக்கும் ஒரு சத்தம் போட்டேன். போட்டுட்டு மறுபடியும் அண்ணி பக்கமே திரும்பிட்டேன்.

சாயங்காலம் அண்ணி ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில தனியா உக்காந்து அவரைக்கொட்டை உரிச்சுக்கிட்டிருந்தாங்க. என்னைக் கண்டதும் கையைப் புடிச்சு உக்கார வச்சாங்க. "கண்ணு, எல்லாரும் எங்கிட்ட நல்ல வார்த்தைதான் சொல்றாங்க. நீ கெட்டதைச் சொல்லு. என்னென்னதான் ஆகலாம்?"

அம்மா பக்கத்துல இல்லைன்னு பாத்துக்கிட்டுத் தாளை எடுத்தாந்து படிச்சேன். அண்ணி அசையாம கேட்டாங்க. பாலத்துக்கு வந்ததும், "நில்லு"ன்னாங்க. "போன தடவை இதுதான். தண்ணி வடியட்டும்னு வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தோம். வாயத் தொறந்தா ஏதாச்சும் கெட்ட வார்த்தை வந்துருமோன்னு ஒருத்தரும் பேசல. எனக்கு மட்டும் தெரிஞ்சுது, உள்ள அசைவு நின்னு போச்சுன்னு. நானும் சொல்லல."

இத்தனை நாள் இந்த மனுஷி இதை நெஞ்சுல வச்சுக்கிட்டு எங்களுக்குச் சோறு போட்டிருக்காங்க. அண்ணி ரொம்ப நேரம் அழுதாங்க. அப்புறம் மூக்கைச் சிந்திக்கிட்டு, "தேதிக்கு முன்னாலயே நான் உன் ரூமுக்கு வந்துர்றேன்"னாங்க.

காலையில எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாங்க. "நான் கீழ போறேன்."

"வாரேன்னு சொல்லு!" அம்மா பதறிப் போச்சு. "அய்யோ, வாரேன்னு சொல்லு சாமி!"

"போறேங்க அத்தை. இங்க இருந்தாத்தான் பயமா இருக்குது."

அண்ணன் வண்டிச் சாவியை எடுத்தான். நான் அம்மாவையும் கூப்பிட்டேன். மாட்டை யாரு பாப்பான்னு கேட்டுச்சு. நாங்க வண்டியில ஏறினதும், "நல்லபடியாப் போயிட்டு வாங்க"ன்னு வலது கையை ஆட்டிக்கிட்டே நின்னுச்சு. இடது கையை முந்தானைக்குள்ள வச்சிருந்துச்சு. குளிருதாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். தரைப்பாலத்துல செவப்புத் தண்ணி ஓரத்தை நக்கிக்கிட்டு ஓடுச்சு. வண்டி அதைத் தாண்டினதும் எனக்கு ஒரே குஷி. என் அட்டவணை ஜெயிச்சிருச்சு! எங்க ஊருக்குன்னு இருந்த ஒரே வண்டி அது. அதுவும் எங்களோட கீழ வந்துருச்சு.

அன்னைக்கே மழை புடிச்சுது. ரூம் வாசல்ல நின்னு பாத்தா மலை இருந்த எடமே தெரியல, கருகருன்னு இருட்டுத்தான். பாலத்து மேல ஆள் உசரத்துக்குத் தண்ணி போகுதுன்னு அண்ணனுக்குப் போன் வந்துச்சு. "பாத்தியா? நான் சொன்னேன்ல?"ன்னு அவன் மூஞ்சிக்கு நேராக் கேட்டேன். கேட்டப்ப இருந்த பெருமையை நெனச்சா இப்ப என்னையே அறையலாம் போல இருக்குது.

மழை விடறதுக்குள்ள அண்ணி என் தோளைத் தட்டினாங்க. "வலிக்குது கண்ணு. இப்பவே போகோணும்." எவ்வளவு தெளிவாச் சொன்னாங்க! வண்டி வாசல்லயே நின்னுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தோம். பொம்பளப் புள்ள. அது வீல்னு கத்தின சத்தம் கேட்டதும் அண்ணன் செவுத்துல சாஞ்சு தேம்பித் தேம்பி அழுதான்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன். அடிச்சு அடிச்சு, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் எடுத்துச்சு. "அம்மா, பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

மழைச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், "நல்...லது... சாமி."

வாய் நெறையச் சோத்தை வச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருந்துச்சு. "என்னம்மா கொழகொழன்னு பேசறே?"

"டவ...ரு."

எங்க மலையில டவரு என்னைக்கு ஒழுங்கா இருந்துச்சு? நானும் நம்பிட்டேன். "சரி, நீ நல்லா இருக்கியா?"

"நல்லா... இருக்...கேன்."

டவரைக் கண்டபடி திட்டிட்டுப் போனை வச்சுட்டேன். புள்ளை பொறந்த ஊட்டுக்குக் கெட்ட வார்த்தை போய்ச் சேரக் கூடாதுன்னு, அந்த ஒரு வார்த்தையை அது என்ன பாடுபட்டுச் சொல்லியிருக்கும்னு எனக்கு அப்பத் தெரியல.

விடிஞ்சதும் ஊர்ல இருந்து பக்கத்து ஊட்டு அக்கா போன்ல கூப்பிட்டாங்க. அம்மா மாட்டுக் கொட்டாயில விழுந்து கெடக்குதுன்னாங்க. ஆம்புலன்ஸ் வந்து பாலத்துக்கு பஸ் ரோட்டுப் பக்கமே நின்னுருச்சு. ஊருப் பக்கம் ஒரு வண்டி இல்லை. ஊரு ஆம்பளைங்க போர்வையை மூங்கில்ல கட்டி, அதுல அம்மாவைப் படுக்க வச்சு, காட்டு வழியாச் சுத்திக்கிட்டுத் தூக்கியாந்தாங்க. கீழ ஆஸ்பத்திரியில நாங்க பாக்கறப்ப வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டிருந்துச்சு. இடது பக்கம் பூரா அசைவு இல்லை.

டாக்டர் கேட்டாரு. "பேச்சு எப்ப இருந்து குழறுது?"

தூக்கியாந்தவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒலகத்துல எனக்கு மட்டுந்தான் தெரியும். "நேத்து சாயங்காலம் டாக்டர். போன்ல கேட்டேன்."

அவரு எழுதிக்கிட்டிருந்தவரு நிமுந்து பாத்தாரு. "அப்பவே தெரிஞ்சு கொண்டாந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சு, எங்க மூஞ்சியப் பாத்துட்டு, "நல்லாயிருவாங்க, பாக்கலாம்"னாரு. அவரும் நல்ல வார்த்தைதான் சொன்னாரு. அண்ணன் வெளிய போய் அவன் வண்டி மேல நெத்தியை வச்சுக்கிட்டு நின்னான். நேத்து சாயங்காலமே ஊருக்கு ஒரு போன் அடிச்சிருந்தா, அந்த ஆம்பளைங்க அப்பவே தூக்கியாந்திருப்பாங்க.

அதுக்கப்புறம் யாரும் என்னை ஒரு சொல் சொல்லல. எங்க ஊட்டுல சொல்ல மாட்டாங்க. திட்டினாக்கூடத் தேவலைன்னு இருக்குது எனக்கு.

இப்ப அம்மா கட்டில்ல. பக்கத்துல தொட்டில், அந்தப் பழைய சேலையைத் தேடி எடுத்துக் கட்டியிருக்காங்க. நான் அம்மாகிட்ட 'நல்லா இருக்கியா'ன்னு கேக்கறதையே விட்டுட்டேன். ஊட்டுக்குப் போறப்பெல்லாம், "இடது கையைத் தூக்கும்மா"ன்னு மட்டும் சொல்றேன். அது கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாக்கும். தொட்டில்ல புள்ளை சிணுங்கி நான் அந்தப் பக்கம் திரும்பினதும், வலது கையால இடது கையோட மணிக்கட்டைப் புடிச்சு மெல்ல மேல தூக்கும். நான் திரும்பிப் பாக்கற வரைக்கும் நடுங்க நடுங்க அப்படியே வச்சிருக்கும்.

"பாரு சாமி"ங்கும், "நல்லா இருக்குது."