போகியன்று அழித்த குரல்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பீரோ இருக்கும் அறைதான் என் ஸ்டூடியோ. கொடியில் தொங்கும் புடவைகளுக்கு நடுவே மைக். எதிரொலியைப் புடவை குடித்துவிடும். பட்டு நன்றாகக் குடிக்கும், நைலக்ஸ் சுமார்தான். தெருவில் உப்பு, கீரை, கொசுவலை விற்கும் வண்டிகள் ஒலிபெருக்கியில் ஓடவிடுகிற விளம்பரங்களை அங்கேதான் பதிவு செய்கிறேன். கூவுவது என் மனைவி. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து லால்குடி வரை அவள் கூப்பிட்டால் ஜனங்கள் பையோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரல் உடைந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, குரல் இனி இப்படித்தான் என்றார் டாக்டர். அவள் அன்றைக்கே சமாதானமாகிவிட்டாள். நான் ஆகவில்லை. பழைய பதிவுகளிலிருந்து சொற்களை வெட்டி ஒட்டிப் புது விளம்பரம் செய்யத் தொடங்கினேன். உப்பு வண்டிக்குச் சொன்ன 'அம்மா'வைக் கீரை வண்டிக்குக் கொடுப்பேன். எல்லாவற்றுக்கும் ஒரே ஃபோல்டர். அவள் இருமியது, சிரித்தது, "ஏங்க, ஃபேனைப் போட்டுத் தொலைங்க, வேர்க்குது" என்று என்னைக் கடிந்தது, எதையும் நான் அழிக்கவில்லை. இடம் தீர்ந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் தினமும் அலறியது. நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவள் போட்டுக்கொண்டாள். போகியன்று கிழிந்த பாய், ஓட்டை வாளி எல்லாவற்றையும் கழித்துக் கட்டிய கையோடு கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்தாள். நான் கரும்பு வாங்கப் போயிருந்தேன். கொசுவலை விளம்பரத்தைத் திறந்து, 'பயன்படாத ஆடியோவை நீக்கு' என்பதை அழுத்தியிருக்கிறாள். கொசுவலைக்குப் பயன்படாதது உப்புக்கும் கீரைக்கும் பயன்படும் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ஃபோல்டரை மொத்தமாக வழித்துவிட்டது.

"கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியிலயாவது இருக்குமே?" என்றேன்.

"அதையும் கொட்டிட்டேன். போகிக்கு எடுத்த குப்பையை யாராவது வீட்டுக்குள்ளயே வெச்சிருப்பாங்களா?"

தாலி கட்டிய மனைவியின் பழைய குரலில் எனக்கு மிஞ்சியது, 'சிங்கிள் காட், டபுள் காட், ஜன்னலுக்கும் உண்டு' மட்டும். கத்தினேன். கரும்பைத் தரையில் வீசினேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீரை வண்டியைத் தேடி ஓடினேன்.

சித்திரை வீதியில் வண்டியைப் பிடித்து, ஒலிபெருக்கியில் இருந்த மெமரி கார்டைக் கேட்டேன்.

"கழட்டினா சத்தம் நின்னுடும் சார். சத்தம் இல்லேன்னா யாரு வெளியில வருவா?" என்றார் கீரைக்காரர். "காப்பி எடுக்கிற வரைக்கும் நீங்க கூவுங்க."

முளைக்கீரைக் கட்டுகளின் மேல் லேப்டாப்பை வைத்துவிட்டுக் கூவினேன். ஒரு வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு எங்கே? உடம்பு சரியில்லையா?"

ஆமாம் என்றேன்.

"சுக்குக் கஷாயம் வெச்சுக் குடுங்க" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கீரை வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஓடவிட்டேன். குரல் பழுதில்லாமல் இருந்தது, பின்னால் நான் சேர்த்த நாதஸ்வரத்தோடு. ஊரையே கூப்பிட்டது. என்னிடம் பேசிய ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. ஃபேனைப் போடச் சொன்னதை எவன் விளம்பரத்தில் வைப்பான்? இனி எந்த வண்டியைத் துரத்தினாலும் அது கிடைக்காது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அவளிடம் சொன்னேன்.

அவள் கரும்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அதுல பாதி உங்களைத் திட்டினது. அதுக்கா அழறீங்க?"

"ஆமா."

கரும்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு புடவைகளை விலக்கிக்கொண்டு போய் மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

"இப்பத்தான் நெறைய இடம் இருக்கே. பட்டனை அழுத்துங்க."

கரும்பை வீசியதிலிருந்து ஆரம்பித்தாள். குரல் கரகரத்தது, நடுநடுவே வெறும் காற்றுதான் வந்தது. எங்கள் கல்யாணத்தன்று நான் மண்டபத்துக்குத் தாமதமாக வந்தது வரைக்கும் போய்விட்டாள். நான் நிறுத்தவே இல்லை.