தெளியக் கூடாத தண்ணீர்

பரளச்சியில் பஸ் ஏறிய அந்தப் பெண் என் பக்கத்தில் அமர்ந்தார். தூக்கமில்லாத முகம். மடியில் ஒரு பாட்டில். அதில் கலங்கிய தண்ணீர். வண்டல் அடியில் படியத் தொடங்கும்போதெல்லாம், குழந்தையை எழுப்புவதுபோல் பாட்டிலை மெல்லக் குலுக்கினார்.

“எதுக்குக்கா குலுக்குறீக?”

“எங்க ஊரு குழாத் தண்ணி, தம்பி. குளோரின் போட்டும் பிள்ளைகளுக்கு வயித்தால போகுது. இந்தக் கலங்கலே மருந்தைத் தின்னுருதுன்னு நர்ஸம்மா சொன்னாக. தெளிஞ்சதைக் கொண்டுபோய்க் காட்டினா யூனியன் ஆபீஸுல நம்புவாகளா?”

ஜன்னலுக்கு வெளியே கரிசலும் கருவேலமும் கானலில் மிதந்தன.

“ராப்பூரா பிள்ளையோட முழிச்சிருந்தேன். செத்த கண்ணசர்றேன். தெளிய விட்டுறாதீக” என்று பாட்டிலைத் தந்துவிட்டு ஜன்னலில் சாய்ந்தார்.

நான் இறங்கவேண்டிய ஊர் கனவில்போலக் கடந்துபோனது. அவர் தூங்கட்டும் என்று, தண்ணீரைத் தூங்கவிடாமல் குலுக்கிக்கொண்டே இருந்தேன்.